நாற்பத்தேழு, ஓவர்

சாயங்காலம் க்ளைவ் வானொலிப் பெட்டியின் மூடியைத் திறந்தால் போதும், நோயலுக்கு ஒன்றுக்கு வந்துவிடும்.

மலைக்கு வந்த நாள் முதல் இப்படித்தான். அந்த ஆரஞ்சு நிறப் பெட்டி கரகரக்கத் தொடங்குமுன் அவர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போயிருப்பார். ஜூன் மாதம், தெற்குத் தீவில் நடுக்குளிர்காலம். பனியாறு முடிகிற இடத்தில், பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் ஒரு தகரக் குடில். வாளித் தண்ணீர் கல்லாகிக் கிடக்கிற குளிர். அறுபத்தோரு வயதுக்காரர் ஒருவர் அந்தக் குளிரில் அரைமணி நேரம் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார் என்றால் அதை ஒரு மச்சினன்தான் நம்ப வேண்டும். க்ளைவ் நம்பவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை.

மலையில் வேட்டைக்கு வந்திருக்கிற ஒவ்வொரு குழுவிடமும் அப்படியொரு பெட்டி இருந்த காலம் அது. இருட்டும் நேரத்தில், கீழே ஊரில் ஒருவர் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து முதலில் நாளைய வானிலையை வாசிப்பார். பிறகு ஒவ்வொரு குழுவாக எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார். நலமா, செய்தி ஏதும் உண்டா என்று கேட்பார். சம்பளம் கிடையாது. பொத்தானை அமுக்கிப் பேசி, ‘ஓவர்’ என்று முடித்துவிட்டுப் பொத்தானை விட்டால்தான் மறுமுனை பேச முடியும். ஒரு குழு பேசுவதை மற்ற எல்லாக் குழுக்களும் கேட்கும். யாருக்கு மாவு தீர்ந்தது, யார் பெண்டாட்டிக்குப் பெண் பிறந்தது, யார் இரண்டு எட்டு தூரத்தில் நின்ற கிடாவைச் சுட்டுக் குறி தவறினார் என்பதெல்லாம் பொதுச் சொத்து. அடுப்பங்கரை வம்புக்குக் கம்பி கட்டிவிட்ட மாதிரி.

பத்தொன்பது வருஷம் அப்படிக் கூப்பிட்ட குரல் ரோனாவுடையது. நோயலின் மனைவி, க்ளைவின் அக்கா. மார்ச் மாதம் இறந்துபோனாள்.

நோயல் வானொலியில் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: “எல்லாம் நல்லா இருக்கு, ஓவர்.” மழையில் நனைந்தாலும் அதுதான், கிடா விழுந்தாலும் அதுதான். தெற்குத் தீவில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஏறக்குறைய அப்படித்தான் பேசுவார்கள். கை போனவன்கூட விரலில் சிராய்ப்பு என்றுதான் சொல்வான். ஆனால் ரோனாவின் காது வேறு. ஒரு வருஷம் வெள்ளம் வந்து, நாலு நாளாக வெறும் ஓட்ஸ் கஞ்சியில் கிடந்தபோது நோயல், “எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு, ஓவர்” என்றார். மறுநாள் விடிந்ததும் ஹெலிகாப்டர் வந்து இறங்கியது. எப்படித் தெரிந்தது என்று வீட்டுக்கு வந்து கேட்டதற்கு ரோனா சொன்னாள்: “ரொம்பன்னு சொன்னியே. கல்யாணத்தன்னிக்கே நீ என்னை ரொம்ப நல்லா இருக்கேன்னு சொல்லல. கஞ்சி மட்டும் எப்படி ரொம்ப நல்லா இருக்கும்?” மலை முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது.

இப்போது வேறு யாரோ கூப்பிடுகிறார்கள். எஸ்மே என்று பெயர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நோயலுக்கு அந்த அம்மாள் மேல் ஒரு வருத்தமும் இல்லை. யார் மேலும், எதன் மேலும் இல்லை. மார்ச்சுக்குப் பிறகு அவர் வழக்கம்போல எழுந்தார், வழக்கம்போல வேலிக்கம்பங்கள் நட்டார், கம்பி இழுத்து முறுக்கினார். பண்ணைக்காரர்கள் வேலி நேராக இருக்கிறது என்றார்கள். வேலி நேராகத்தான் இருந்தது. “நாற்பத்தேழு, நலமா?” என்று இன்னொரு குரல் கேட்கிறபோது தன் வாயிலிருந்து என்ன வரும் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் தினமும் குளிரில் நின்றார்.

அன்று காலை தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு க்ளைவ் விஷயத்துக்கு வந்தான்.

“மச்சான், இன்னிக்குச் சாயங்காலம் நீ பேசு.”

“உனக்குத்தான் குரல் நல்லா இருக்கு.”

“எனக்குக் கறிக்கடைக் குரல். அந்தம்மா ‘செய்தி ஏதாவது உண்டா’ன்னு கேட்டா, ‘ஈரல் அரைக் கிலோ போடட்டுமா’ன்னு வாயில வந்துருது.”

“நாளைக்குப் பாக்கலாம்.”

“நேத்தும் இதான் சொன்ன.”

நோயல் தேநீரைக் குடித்தார். சூடாக இருந்திருக்க வேண்டும், ஆவி வந்தது.

க்ளைவ் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. நாற்பத்தொன்பது வயது, பீப்பாய் மாதிரி உடம்பு. ஃபேர்லி என்கிற ஊரில் கறிக்கடை வைத்திருக்கிறான். வருஷாவருஷம் கடையை மூடிவிட்டு, அக்கா புருஷனோடு வரையாட்டு வேட்டைக்கு வருவான். இந்த வருஷம் வேண்டாம் என்று நோயல் சொன்னபோது, மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அவர் ஏறி உட்காரும்வரை ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

வெயில் பாறையைத் தொடுமுன் அவர்கள் மேலே ஏறத் தொடங்கினார்கள். முதலில் ஆற்றுக் கற்கள். பிறகு இடுப்புயர மஞ்சள் புற்புதர்கள், அவற்றுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஈட்டிப்புல். அந்த ஈட்டிப்புல்லுக்கு மனிதப் பிருஷ்டத்தின் மேல் தனிப்பட்ட பகை உண்டு. க்ளைவ் ஒருதரம் அதில் உட்கார்ந்து எழுந்தான். எழுந்தபோது அவன் சொன்ன வார்த்தைகளைக் கேட்டுப் பக்கத்துப் பாறையிலிருந்த கியா என்கிற மலைக்கிளிகள் இரண்டு கழுத்தைச் சாய்த்து, கற்றுக்கொள்வதுபோலப் பார்த்தன.

“சிரிக்கமாட்டியா?” என்றான் க்ளைவ்.

“சிரிச்சேனே.”

“எங்க?”

நோயல் யோசித்தார். “உள்ள.”

மேலே சரளைச் சரிவைத் தாண்டி ஒரு பாறைத் திட்டின் பின்னால் படுத்துக்கொண்டு தொலைநோக்கியில் எதிர்ச்சுவரைத் துழாவினார்கள். இமயமலையில் பிறந்த ஜாதி, இந்த வரையாடு. எந்தக் காலத்திலோ ஒரு சீமான் வேட்டைச் சுகத்துக்காகச் சிலவற்றைக் கப்பலில் ஏற்றி அனுப்ப, இங்கே அவிழ்த்துவிட்டார்கள். அவிழ்த்துவிட்டவர்கள் பனியில் செத்துவிடுமோ என்று கவலைப்பட்டார்களாம். அவை சாகவில்லை. இமயமலையை மறந்துவிட்டுப் பெருகின. இப்போது மலைப்புல்லையெல்லாம் மேய்ந்து மொட்டையடிக்கின்றன, சுடுங்கள், சுடுங்கள் என்கிறது அரசாங்கம். சுடப்போகிறவர்கள்தான் ஊருக்கு வந்து அதன் அழகைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்கள்.

கிடா ஒன்று நின்றது. நல்ல கிடா. கழுத்திலிருந்து முழங்கால்வரை பிடரிமயிர் வைக்கோல் நிறத்தில் காற்றுக்கு அலைந்தது. அதற்குக் கீழே மூன்று பெட்டைகள். கிடா அவற்றைப் பார்த்து மேலுதட்டைச் சுருட்டி, உலகத்திலேயே தானொருவன்தான் ஆண் என்பதுபோல நின்றுகொண்டிருந்தது.

“தாத்தா கிடா,” என்றான் க்ளைவ் மெதுவாக. “கொம்பைப் பாரு. பொறுமையா, மச்சான். அது நிக்கிற எடம் சரியில்ல.”

வரையாட்டு வேட்டையில் சுடுவது சின்ன வேலை. சுட்டது எங்கே விழும் என்பதுதான் பெரிய வேலை. ஆடு நிற்பது செங்குத்தில். விழுந்தால் மனிதன் போய் எடுக்க முடியாத பிளவுக்குள் போய்விடும். கொம்பு நொறுங்கும், கறி சிதறும், அந்த உயிர் யாருக்கும் இல்லாமல் போகும். ஆகவே சுடுமுன் விழும் வழியைக் கண்ணால் இறங்கிப் பார்க்க வேண்டும். வழி சரியில்லையென்றால் ஆடு தானாக நல்ல இடத்துக்கு நகரும்வரை காத்திருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நோயல் பெயர் வாங்கியவர். ஒருதரம் ஒரு கிடாவுக்காகப் பகல் முழுக்கக் காத்திருந்தார். கடைசியில் கிடா தூங்கிவிட்டது, சற்று நேரத்தில் நோயலும் தூங்கிவிட்டார், கண்விழித்தபோது இரண்டு பேரில் ஒருவரைக் காணவில்லை.

இன்று நோயல் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். துப்பாக்கியின் குறிக்கண்ணாடிக்குள் கிடா தெரிந்தது. விசையை இழுத்தார்.

சத்தம் சுவருக்குச் சுவர் மோதிப் போயிற்று. கிடா ஓரடி எடுத்து வைத்தது. அடுத்த அடிக்குப் பாறை இல்லை. உருண்டு, ஒரு விளிம்பில் மோதி, பிளவுக்கு நடுவே துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறைப் படியில் சிக்கி நின்றது. பெட்டைகள் கல் பெயர்த்துக்கொண்டு ஓடின.

க்ளைவ் தொலைநோக்கியை இறக்கினான்.

“எங்க விழும்னு பாத்தியா?”

“இல்ல.”

“பாக்கலையா?”

“பாக்கல, மாப்ள.”

அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று க்ளைவ் தேடினான். இல்லை. வருத்தமில்லாததற்கும் வருத்தமில்லை. நோயல் துப்பாக்கியிலிருந்து தோட்டா உறையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார், பட்டனை மாட்டினார்.

“சரி,” என்றான் க்ளைவ். “நான் போய் அதைக் கீழ தள்ளிவிடறேன். அந்தப் பிளவு அடியில பனித்திட்டு இருக்கு, மெத்தை மாதிரி. அங்க போய் விழும்.”

“விட்டுரு.”

“கறிக்கடைக்காரன் கண்ணு முன்னாடி இவ்ளோ கறியைத் தொங்கவிட்டுட்டு விட்டுருன்னா எப்படி? ராத்திரி தூக்கம் வருமா எனக்கு?”

கறிக்காகப் போகவில்லை. நோயலுக்கு அது தெரியும். நோயல் கில்கார் ஒரு கிடாவைப் பாழாக்கினார் என்று இருக்கக்கூடாது என்பதற்காகப் போகிறான். போகாதே என்று இரண்டாம் முறை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். “சரி” என்றார்.

க்ளைவ் முகட்டைச் சுற்றி எதிர்ச்சுவருக்குப் போய், பனிக்கோடரியை ஊன்றி ஊன்றிப் படிவரை இறங்கினான். உட்கார்ந்துகொண்டு இரண்டு காலாலும் கிடாவைத் தள்ளினான். அது போயிற்று. கையைத் தூக்கிக் காட்டினான். எழுந்து நின்றான். கிடாவின் ரத்தத்துக்கு அடியில் கண்ணாடிபோல ஒரு பனித்தகடு இருந்திருக்கிறது. க்ளைவும் போனான்.

நோயல் பார்த்துக்கொண்டிருந்தார். பழுப்பு நிறச் சட்டை ஒருமுறை பாறையில் பட்டது, பிறகு வெள்ளையில் விழுந்தது. இவர் சுற்றி வளைத்து ஓடை வழியாக இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது பனித்திட்டின் மேல் கிடாவும் மச்சினனும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே கட்டிலில் படுத்த அண்ணன் தம்பி மாதிரி மல்லாந்து கிடந்தார்கள்.

“செத்துடுச்சா?” என்றான் க்ளைவ், கண்ணைத் திறக்காமல்.

“செத்துடுச்சு.”

“ஒருத்தருக்காவது நிம்மதி. மச்சான், என் வலது கால் எந்தப் பக்கம் பாக்குது?”

நோயல் பார்த்தார். “இடது பக்கம்.”

“அப்படித்தான் எனக்கும் தோணிச்சு.”

முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தது. எலும்பு வெளியே வரவில்லை. கோடரிப் பிடியைக் காலுக்கு முட்டாக வைத்து, இரண்டு பேருடைய பெல்ட்டையும் கொண்டு கட்டினார். கட்டும்போது க்ளைவ் கத்தியது மலை முழுவதும் கேட்டிருக்கும், வானொலி தேவைப்பட்டிருக்காது. நோயலின் கைகள் வேலிக்கம்பி முறுக்குகிற கைகள், நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

பிறகு கத்தியை எடுத்துக் கிடாவை உரிக்கத் தொடங்கினார்.

க்ளைவ் தலையைத் தூக்கிப் பார்த்தான். “ஒரு மனுஷன் சாகக் கெடக்கறான், உனக்குக் கறி கேக்குதா?”

“பேசாம படு. வண்டி செய்யறேன்.”

தோலை முடி கீழே இருக்கும்படி பனியில் விரித்து, தலைப்பக்கம் முன்னால் வைத்து, அதன் மேல் க்ளைவை ஏற்றிக் கட்டினார். முடி படிகிற திசையிலேயே இழுத்தால் தோல் பனியில் வழுக்கிக்கொண்டு போகும். கொம்பையும் கறியையும், கறி தின்னும் அந்தக் கியா கிளிகளுக்கு விட்டாயிற்று. இழுத்தார். இறக்கத்தில் வண்டி தானாக வந்து இவர் குதிகாலை இடித்தது.

“பிரேக் போடு,” என்றான் க்ளைவ். சற்றுப் பொறுத்து, “நாத்தம் தாங்கல. இந்தக் கிடா குளிச்சு எவ்ளோ நாளாச்சு?” இன்னும் சற்றுப் பொறுத்து, “கடையில என்னைக் கேட்டாங்கன்னா, ஆடு மேல சவாரி போனேன்னு சொல்லு.”

பனி முடிந்து ஆற்றுக்கல் வந்ததும் நோயல் அவனை முதுகில் சுமந்தார். பீப்பாயை ஒருவர் எப்படிச் சுமப்பார் என்று கேட்டால் பதில் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக, வைத்து வைத்து. ஆறு மூன்று கிளையாகப் பிரிந்து ஓடியது. மூன்றிலும் இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறி, பூட்ஸுக்குள் நிரம்பியது. மூன்றாவது கிளையைத் தாண்டிய பிறகு க்ளைவ் பேச்சை நிறுத்தினான்.

நோயல் பத்தடி நடந்தார். “மாப்ள?”

மூச்சு மட்டும் கழுத்தில் பட்டது. அப்போது அவருக்குப் பயம் வந்தது என்று சொல்ல முடியாது. பயம் எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடம் தெரிந்தது. பூட்டிய அறையின் முன்னால் நிற்கிற மாதிரி.

குடிலுக்குள் வந்து, க்ளைவின் ஈரத்துணியைக் கழற்றி, உள்ளே நுழைந்து படுக்கிற இரண்டு தூக்கப்பைகளையும் அவன் மேல் போட்டு, அடுப்பு மூட்டி, சர்க்கரையை அள்ளிப் போட்டுத் தேநீர் வைத்து வாயில் ஊட்டினார். க்ளைவின் முகம் சாம்பல் பூசியதுபோல இருந்தது. பாதிக் கோப்பை உள்ளே போன பிறகு கண் திறந்தது.

“மணி என்ன?” என்றான்.

நோயலுக்கு அவன் எதைக் கேட்கிறான் என்று தெரிந்தது. வெளியே இருட்டிக்கொண்டிருந்தது.

“எனக்கு எழுந்திருக்க முடியாது, மச்சான்.”

“தெரியும்.”

“ஒன்னுக்கு வருதா?”

“இல்ல,” என்றார் நோயல்.

பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். மூடியைத் திறந்தார். கரகரப்பு. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. ரோனாவின் குரலில்லை. அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் சாக்பீஸால் எழுதுவதுபோல அழுத்தமாக உச்சரிக்கிற குரல்.

“நாளைய வானிலை. காலையில் தெளிவு. நண்பகலிலிருந்து வடமேற்குக் காற்று வலுக்கும். முகடுகளில் கனமழை. ஆறுகள் பெருகும். இரண்டு மூன்று நாள் நீடிக்கும்.”

வடமேற்குக் காற்று வந்துவிட்டால் எந்த ஹெலிகாப்டரும் இந்தப் பள்ளத்தாக்குக்குள் நுழையாது. கேட்பதானால் இன்றைக்கே கேட்க வேண்டும். ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தது குரல். முப்பத்திரண்டு நலம். முப்பத்தாறு நலம், வெண்ணெய் தீர்ந்துவிட்டது. நாற்பத்தொன்று நலம்.

“நாற்பத்தேழு, நாற்பத்தேழு. நலமா? செய்தி ஏதாவது உண்டா? ஓவர்.”

நோயல் பொத்தானை அமுக்கினார்.

“நாற்பத்தேழு. எல்லாம் நல்லா இருக்கு.” வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. “ஒருத்தருக்குக் கால்ல கொஞ்சம் அடி. ஓவர்.”

பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருந்தார். இந்த இடத்தில் ரோனா என்றால் ஒரு மூச்சு நிறுத்துவாள். ‘கொஞ்சமா?’ என்பாள். அதற்குப் பிறகு இவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது, எல்லாம் நடந்துவிடும்.

“கால்ல கொஞ்சம் அடி. குறிச்சுக்கிட்டேன். கட்டுத்துணி இருக்கா? ஓவர்.”

“இருக்கு. ஓவர்.”

“நல்லது. ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு.”

போய்விட்டது. கட்டிலிலிருந்து க்ளைவ் மெதுவாகச் சொன்னான்:

“கொஞ்சம் அடி.”

“ம்.”

“கால் பின்பக்கம் திரும்பி நடக்கப் பாக்குது. கொஞ்சம் அடி.”

“பழக்கத்துல வந்துருச்சு, மாப்ள.”

“அந்தம்மா ரோனா இல்ல, மச்சான். நீ சொன்னதைத்தான் அவங்க கேப்பாங்க.” அவன் கண்ணை மூடிக்கொண்டான். “தினம் நான் பேசறப்ப எனக்கு மட்டும் சுகமாவா இருந்துச்சு? எனக்கு அவ அக்கா.”

நோயல் அவனைத் திரும்பிப் பார்த்தார். மார்ச்சிலிருந்து இவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டு வாசலில் நின்ற வண்டிக்குள் இவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசி எண்ணும் ஆயிற்று. “வேற யாருக்காவது செய்தி இருக்கா? இல்லேன்னா முடிச்சுக்கறேன். ஓவர்.”

நோயல் பொத்தானை அமுக்கினார். அமுக்கியபடியே இருந்தார். மலை முழுக்க அத்தனை குடில்களிலும் கூடாரங்களிலும் அவருடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

“நாற்பத்தேழு,” என்றார். “நான் சொன்னது தப்பு. கால் முறிஞ்சிருக்கு. முழங்காலுக்குக் கீழ. ஆள் வெளுத்துக் கெடக்கறான். நாளைக்குக் காத்து வர்றதுக்குள்ள எங்களைத் தூக்கணும். நாங்க நல்லா இல்ல. ஓவர்.”

கரகரப்பு. அதற்குப் பிறகு, “பொறுங்க” என்றது குரல். பிறகு சாக்பீஸ் மறுபடி எழுதத் தொடங்கியது: மூச்சு எப்படி, தோல் கிழிந்திருக்கிறதா, முறிந்த காலின் விரல்களைக் கிள்ளினால் தெரிகிறதா. நோயல் கிள்ளினார்.

“அம்மா!” என்றான் க்ளைவ்.

“தெரியுது. ஓவர்.”

“ரொம்ப நல்லது. விடிஞ்சதும் ஹெலிகாப்டர் வரும், நான் ஏற்பாடு பண்றேன். நாற்பத்தேழு, பேசறது நோயலா?”

பெயர் சொல்லக்கூடாது என்பது விதி. “ஆமா. ஓவர்.”

“முதல்ல சொன்னப்பவே நான் நிறுத்திக் கேட்டிருக்கணுமோ என்னவோ. ரோனா கேட்டிருப்பாங்க. எனக்கு அந்தக் காது இல்ல, நோயல். நீங்கதான் சொல்லணும். ஓவர்.”

நோயல் மறுபடி பொத்தானை அமுக்குமுன் இன்னொரு ஆண் குரல் நுழைந்தது.

“குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும், இங்க அறுபத்தொன்னு. நாங்க அடுத்த பள்ளத்தாக்குலதான் இருக்கோம். விடிஞ்சதும் கணவாய் தாண்டி வரோம், தூக்கறதுக்கு ஆள் வேணுமில்ல. எங்க கூட ஒரு டாக்டர் இருக்கார். ஆட்டு டாக்டர். ஓவர்.”

“வேண்டாம்னு சொல்லு,” என்றான் க்ளைவ் கட்டிலிலிருந்து. “கால் ஒடிஞ்சா அவங்க சுட்டுருவாங்க.”

“வாங்கன்னு சொல்றான். ஓவர்,” என்றார் நோயல்.

“நாற்பத்தேழு,” என்றது எஸ்மேயின் குரல். “இன்னொரு கேள்வி. நீங்க எப்படி இருக்கீங்க? ஓவர்.”

“நான் நல்லா...” என்று தொடங்கி நிறுத்தினார். குனிந்து பார்த்தார். பூட்ஸைக் கழற்றவேயில்லை. அதைச் சுற்றித் தரையில் தண்ணீர் தேங்கி, ஓரத்தில் உறையத் தொடங்கியிருந்தது. உள்ளே விரல்களை அசைத்தார். அசைந்தனவா என்று தெரியவில்லை. “கால் விரல் எதுவும் எனக்குத் தெரியல. மரத்துப் போச்சு. ஓவர்.”

“எப்பலேருந்து? ஓவர்.”

“மார்ச்சுலேருந்து,” என்றார் நோயல்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. ஓவர் சொல்ல மறந்து பொத்தானை மட்டும் விட்டார். இத்தனை வருஷம் எதற்கெல்லாமோ சிரித்த மலை, சிரிக்கவில்லை. கரகரப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“மச்சான்,” என்றான் க்ளைவ் தாழ்ந்த குரலில், “அவங்க காலைக் கேட்டாங்க.”

“தெரியுது.”

“நோயல்,” என்றது எஸ்மேயின் குரல். சாக்பீஸ் சற்றுத் தேய்ந்திருந்தது. “பூட்ஸைக் கழட்டுங்க. அடுப்புக்கிட்டக் காட்டாதீங்க, தேய்க்காதீங்க. மனுஷ உடம்புச் சூடுதான் வேணும். நான் இங்கயே இருக்கேன். ஓவர்.”

அவர் கழற்றினார். கயிறு உறைந்திருந்ததால் கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. விரல்கள் மெழுகுபோல வெள்ளையாக, வேறு யாருடையதோபோல இருந்தன. க்ளைவ் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

“இங்க கொண்டா.”

“எங்க?”

“என் வயித்துல வை. வேற எங்க? இத்தனை வருஷம் வளர்த்தது எதுக்கு?”

“நீ அடிபட்டவன்.”

“ஒடிஞ்சது கால். தொப்பைக்கு ஒன்னும் ஆகல. வை, மச்சான்.”

நோயல் கட்டிலின் மறுமுனையில் ஏறி, முறிந்த காலில் படாமல் உட்கார்ந்தார். க்ளைவ் தூக்கப்பையின் வாயைத் திறந்து சட்டையைத் தூக்கினான். அவர் இரண்டு பாதங்களையும் உள்ளே நீட்டி அந்தப் பெரிய வயிற்றின் மேல் வைத்தார். க்ளைவ் அலறினான். அவன் அம்மாவை, கடவுளை, கிடாவை, கிடாவைக் கப்பலில் அனுப்பிய சீமானை, வரிசையாகக் கூப்பிட்டான். கூப்பிட்டு முடித்ததும் மூச்சு வாங்கினான். பிறகு அந்தப் பாதங்கள் நழுவாதபடி இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“வலிக்குதா?” என்றான்.

நோயல் கவனித்துப் பார்த்தார்.

“இன்னும் இல்ல.”

“வலிக்கும்,” என்றான் க்ளைவ். “பொறு.”